மருந்து இலவசம், கிளினிக் போகிற நாளுக்குக் கூலி இல்லை: கொழும்பில் வேலையும் வருத்தமும்

கொச்சிக்கடை நிலா

எல்லாருக்கும் வணக்கம். நான் சுகாதாரப் பொருளியலில் மேற்படிப்புச் செய்கிறேன். செய்கிற வேலை ஒருவருடைய உடம்பை என்ன செய்கிறது, அதில் அரசு எங்கே கை வைக்கலாம் என்பதுதான் என் ஆய்வு. பேராசிரியர்களோடு பேசியது போதும், நம் சனத்தோடு பேச வேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இருபத்தெட்டு வருடம் புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் நாட்டாமை வேலை செய்தவர். லொறியில் வருகிற 50 கிலோ மூட்டையைக் கொக்கியால் இழுத்து, தோளில் துண்டைப் போட்டுச் சுமந்து, கடைக்குள் அடுக்க வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. லொறி வராத நாளில் கூலியும் இல்லை. நாற்பத்தாறு வயதில் அவருக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) என்று தெரிய வந்தது. ஐம்பத்திரண்டில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

போன மாதம் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அவருடைய கிளினிக் கொப்பிகள் மூன்று கிடைத்தன. அட்டை கிழிந்து, மூலைகள் மடிந்து, இன்னமும் கொத்தமல்லி வாசம் அடிக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அவர் போயிருக்க வேண்டும். திகதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எல்லா வருடமும் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை ஓர் இடைவெளி. தீபாவளிக்கு முன்னால் ஒன்று. நத்தாருக்கு முன்னால் நீளமாக ஒன்று. மூன்றும் புறக்கோட்டையில் சரக்குக் குவிகிற நாட்கள். அந்த இடைவெளிகளுக்குப் பிறகு வருகிற பக்கங்களில் டொக்டர் ஆங்கிலத்தில் 'ஒழுங்காக வருவதில்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அப்பா மருந்தில் அக்கறை இல்லாதவர் இல்லை. இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைக்க வழியில்லாத காலத்தில் மண்பானைத் தண்ணீருக்குள் வைத்துப் பாதுகாத்தவர். ஒருநாள் கிளினிக் என்றால் ஒருநாள் கூலி போகும். சரக்குக் காலத்தில் அது இரண்டு நாள் கூலிக்குச் சமம். அதைவிட, ஒருநாள் வராதவனுடைய இடத்தில் அடுத்த நாள் வேறு ஒருவன் நிற்பான்.

எங்கள் துறையில் இதை நேரவிலை என்று சொல்வோம். டொக்டருக்கும் மருந்துக்கும் காசு இல்லை. அதனால் வரிசையில் நிற்கிற நேரம்தான் விலையாகிறது. மாதச் சம்பளக்காரருக்கு அந்த விலை சின்னது, நாட்கூலிக்காரருக்குப் பெரியது. இலவச வைத்தியம் உள்ள நாட்டிலும் ஆரோக்கியம் ஏன் வேலைக்கு வேலை வேறுபடுகிறது என்பதற்கு இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில், உங்கள் வேலையில் எப்படி?

வெள்ளவத்தைவாசி

வாசிக்கவே மனது கனத்துப்போய்விட்டது தங்கச்சி. ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். சீனி வருத்தம் சாப்பாட்டால் வருகிறது, பரம்பரையாலும் வருகிறது. புகை, குடி என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் வேலையின் தலையில் போட முடியுமா?

கொச்சிக்கடை நிலா

இந்தக் கேள்விக்கு லண்டனில் பதில் தேடினார்கள் அண்ணா. 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் அரச ஊழியர்கள். எல்லாருக்கும் நிரந்தர வேலை, எல்லாருக்கும் இலவச வைத்தியம், ஒருவரும் பட்டினி கிடப்பவர் இல்லை. அப்படியிருந்தும் அடிமட்டப் பதவியில் இருந்தவர்கள் இருதய நோயால் இறந்த வீதம் உச்சிப் பதவியில் இருந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி மிஞ்சி நின்றது. நடுப்பதவிக்காரர் நடுவில் நின்றார்கள், அதுதான் முக்கியம். படிக்கட்டு மாதிரி, ஒவ்வொரு படிக்கும் ஒரு வித்தியாசம்.

1985இல் பெண்களையும் சேர்த்து, மைக்கல் மார்மொட் தலைமையில் 10,308 பேரோடு இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார்கள். தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்க முடியாதவர்களுக்கு இருதய நோய் கூடுதலாக வருகிறது என்பது அதில் தெரிந்தது. கோப்பு பார்க்கிறவர்களுக்கே இப்படி என்றால், லொறியின் ஹோர்ன் சத்தத்துக்கு எழுந்து ஓடுகிறவரை யோசித்துப் பாருங்கள்.

தாதி அக்கா

நிலா, நான் அரச வைத்தியசாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாகத் தாதி. அதில் ஆறு வருடம் நீரிழிவுக் கிளினிக்கில். நீங்கள் எழுதிய அந்த ஆங்கில வசனத்தை நானும் எத்தனையோ கொப்பிகளில் எழுதியிருக்கிறேன். இன்று காலை உங்கள் பதிவை வாசித்துவிட்டு வேலைக்குப் போனேன். அந்த வசனத்தை எழுதக் கை வரவில்லை.

எங்களிடம் நம்பர் எடுக்க விடிய ஐந்து மணிக்கே ஆட்கள் வந்து நிற்பார்கள். இரத்தம் குடுத்து, ரிப்போட் வந்து, டொக்டரைப் பார்த்து, மருந்து எடுத்து வெளியே போக மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணி ஆகும். பென்சன்காரர்கள் பேப்பர் கொண்டுவந்து வாசித்துக்கொண்டிருப்பார்கள். வேலைக்குப் போகிற ஆண்கள் நிமிடத்துக்கு ஒருதரம் போனைப் பார்ப்பார்கள். பத்தரை தாண்டினால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். இரத்தம் குடுத்திருப்பார்கள், ரிப்போட் வாங்க ஆள் இருக்காது.

2011இலிருந்து நாடு முழுக்க சீனி, பிரஷர் முன்கூட்டியே பார்க்கிற நிலையங்கள் திறந்தார்கள் அல்லவா? நல்ல திட்டம், காசும் இல்லை. ஆனால் வருகிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். ஆண்களுக்கு அக்கறை இல்லை என்று கூட்டங்களில் பேசுவார்கள். நிலையம் திறக்கிறதே வேலை நேரத்தில்தான்.

ரைடர் தெமட்டகொடை

நான் சாப்பாடு டெலிவரி ஓடுகிறேன். ஆர்மர் வீதிச் சந்தியில் போன வருடம் விழுந்து மணிக்கட்டு வெடித்தது. ஆறு கிழமை கட்டு. ஓடாத நாளுக்கு ஒரு சதம் வரவில்லை. விழுந்த அன்றைய ஓடரை நானே கென்சல் செய்ததாகக் கணக்கில் ஏறி, அந்தக் கிழமை ஊக்கத்தொகையும் போனது. மூன்றாம் கிழமையே கட்டோடு ஓடத் தொடங்கினேன். இப்போது மழைக்குக் கை குளிர்ந்தால் பிரேக் பிடிக்க முடியாது.

1990க்கு அடித்ததும் சுவசெரிய அம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வந்தது. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள், ஒரு சதமும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரச்சினை தொடங்கியது.

எண்ணும் எழுத்தும்

நிலாவுக்கு: நான் புள்ளிவிபரம் படிப்பிக்கிறவன். உங்கள் பக்கம் நின்றே ஓர் எச்சரிக்கை சொல்கிறேன். இப்போது ஐந்தாம் குறுக்குத் தெருவுக்குப் போய் அங்கே வேலை செய்கிற நாட்டாமைகளின் பிரஷரை அளந்தால், உங்கள் ஆய்வு தோற்றுப்போகும். அவர்கள் பலருக்கு நல்ல உடம்பாகத்தான் இருக்கும். முடியாமல் போனவர்கள் ஏற்கெனவே தெருவை விட்டுப் போயிருப்பார்கள். இதை ஆரோக்கியத் தொழிலாளி விளைவு என்போம். வேலையில் நிற்கிறவர்களை மட்டும் எண்ணினால், மிகப் பாரமான வேலையே மிக ஆரோக்கியமான வேலை மாதிரித் தெரியும்.

மறுபக்கமும் இருக்கிறது. வேலை வருத்தத்தைக் கொண்டுவருகிறதா, வருத்தம் ஆளைக் கீழான வேலைக்குத் தள்ளுகிறதா? இரண்டும் நடக்கிறது. ஒருநாள் கணக்கெடுப்பில் அதைப் பிரிக்க முடியாது.

கொச்சிக்கடை நிலா

சேர், இதே பிரச்சினையில் நான் எட்டு மாதம் மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவோடு 1990களில் ஒரே குழுவில் மூட்டை தூக்கின பதினொரு பேரையும் தேடிப்போனேன். நான்கு பேர் உயிரோடு இல்லை. இரண்டு பேர் வாச்சர் வேலை. ஒருவர் ஜிந்துப்பிட்டியில் லொத்தர் சீட்டு விற்கிறார், முள்ளந்தண்டு வளைந்துவிட்டது, கதிரையில் சாய முடியாது. ஒருவர் ஹட்டன் பக்கம் மகளோடு போய்விட்டார். மூன்று பேர்தான் இன்னும் தெருவில் நிற்கிறார்கள். தெருவில் மட்டும் எண்ணினால் நான் அந்த மூன்று பேரைத்தான் கண்டிருப்பேன்.

பதினொரு பேரை வைத்து நாட்டுக்குக் கொள்கை எழுத முடியாது, தெரியும். எங்கே தேட வேண்டும் என்பதை அவர்கள் காட்டித்தந்தார்கள். அதனால் இப்போது ஆட்களுடைய பழைய வேலைகளையும் வரிசையாகக் கேட்டு எழுதுகிறேன்.

ஐந்தாங்குறுக்கு முதலாளி

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. இதே தெருவில் எனக்கு ஒரு மொத்த வியாபாரக் கடை. அப்பாவின் கடை, இப்போது நான் பார்க்கிறேன். மகளே, உன் அப்பாவின் கையால் என் கடையிலும் மூட்டை இறங்கியிருக்கும்.

என் கடையில் கெஷியர், ஸ்டோர் பையன்மார் என்று ஐந்து பேர். எல்லாருக்கும் சேமலாப நிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) கட்டுகிறேன், லீவும் குடுக்கிறேன். நாட்டாமைகள் என் ஆட்கள் இல்லை. குழுவாக வருவார்கள், காலையில் எனக்கு இறக்குவார்கள், பத்து மணிக்குப் பக்கத்துக் கடைக்கு, மத்தியானம் மூன்றாம் குறுக்குத் தெருவுக்கு. ஒருநாளில் ஏழெட்டு முதலாளி. வருத்தம் வந்தால் அதில் யார் சம்பளம் குடுப்பது? சட்டம் போட்டால் சட்டத்தில் பெயர் உள்ளவன்தான் மாட்டுவான். 2022 பொருளாதார நெருக்கடியில் கடையைப் பூட்டாமல் தப்பினதே பெரிய காரியம். இன்னொரு செலவை எங்கள் தலையில் வைத்தால், குழுவை விட்டுவிட்டு ஃபோர்க்லிஃப்ட் வாங்கத்தான் பார்ப்போம்.

எச்.ஆர். கிராண்ட்பாஸ்

முதலாளி ஐயா சொல்வது நியாயமான கேள்வி. சட்டம் எங்கே நிற்கிறது என்று நான் சொல்கிறேன், இதுதான் என் வேலை.

1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் உங்கள் கெஷியருக்கு வருடத்தில் 14 நாள் வருடாந்த லீவு. அதற்கு மேல் 7 நாள், சுகமில்லாவிட்டாலும் எடுக்கலாம், சம்பளம் வெட்ட முடியாது. வேலையில் அடிபட்டால் 1934ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். மொத்தம் 23 வீதம். இது சின்னத் தொகை இல்லை. இதில் ஒரு சதமாவது, காய்ச்சலில் படுத்திருக்கிற ஒரு கிழமைக்குச் சம்பளமாக வருமா? வராது. வைத்தியச் செலவு என்று சேமலாப நிதியில் 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கலாம், 2012இல் திருத்தினார்கள். அது அறுபது வயதுச் சோற்றை நாற்பதில் சாப்பிடுகிற மாதிரி. நம்பிக்கை நிதி இருதய சத்திரசிகிச்சைக்கு உதவி தரும். இருதயம் அந்த நிலைக்குப் போகாமல் இருக்க, முதல் பத்து வருடம் கிளினிக் போக வேண்டுமே, அதற்கு ஒன்றும் இல்லை.

இந்த நாட்டில் வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் முறைசாராத் தொழிலில். அவர்களுக்கு நான் மேலே எழுதினதில் பெரும்பாலானது கிடையாது.

திருப்பூர் போய்வந்தவன்

நான் 2017இலிருந்து நான்கு வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கொம்பனியில் கணக்குப் பார்த்தேன். அங்கே இ.எஸ்.ஐ. என்று ஊழியர் காப்பீடு ஒன்று, 1948 சட்டம். ஊழியரிடம் சம்பளத்தில் 0.75 வீதம், முதலாளியிடம் 3.25 வீதம். வருத்தம் வந்து டொக்டர் எழுதிக் குடுத்தால் சம்பளத்தில் 70 வீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. ஆஸ்பத்திரியில் குறை சொல்லாத ஆள் கிடையாது, வரிசையும் நீளம்தான். ஆனால் டெங்கு வந்த பிள்ளைகள் படுத்து எழும்பி வேலைக்கு வந்ததைப் பார்த்தேன். இங்கே 2020 அக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைப் பக்கம் கொவிட் பரவினதும், பேலியகொடை மீன் சந்தையில் பரவினதும், பிறகு மட்டக்குளி, மோதரை, கொட்டாஞ்சேனை எல்லாம் அடைபட்டதும் ஞாபகம் இருக்குமே. காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவனுக்குப் போகாமல் இருக்க வழி செய்து குடுத்தால் அது முதலாளிக்கும் காவல்.

கொச்சிக்கடை நிலா

அண்ணா கடைசியாகச் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் சில நகரங்கள் சம்பளத்தோடு சுகயீன லீவைக் கட்டாயமாக்கின. அந்த நகரங்களில் ஃப்ளூ மாதிரியான காய்ச்சல் குறைந்ததாக பிக்லர், சீபார்த் என்ற இரு பொருளியலாளர்கள் 2017இல் காட்டினார்கள்.

முதலாளி ஐயாவுக்கு: உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே பெரியது. ஒருநாளில் ஏழெட்டு முதலாளி உள்ளவனுக்கு யார் முதலாளி? இந்தியாவில் இதே கேள்விக்கு மகாராஷ்டிரா 1969இல் ஒரு சட்டம் செய்தது, மத்தாடிச் சட்டம் என்பார்கள். மூட்டை தூக்குகிறவர்களையும் வியாபாரிகளையும் ஒரே சபையில் பதிவு செய்வார்கள். வியாபாரி கூலியைச் சபையில் கட்டுவார், அதற்கு மேல் ஒரு வீதம் சேர்த்துக் கட்டுவார். கூலி ஆளுக்குப் போகும். மேலதிகக் காசு சேமலாபம், லீவு, வைத்தியம் என்று போகும். கேரளா 1978இலும் தமிழ்நாடு 1982இலும் இதே போக்கில் சட்டம் கொண்டுவந்தன. தனி ஒரு முதலாளி மாட்டத் தேவையில்லை, தெருவே முதலாளியாகிறது.

கொழும்புக்கு இது புதிதும் இல்லை. உங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் துறைமுகம். அங்கேயும் ஒருகாலத்தில் தனியார் கொம்பனிகள்தான் சரக்கு ஏற்றி இறக்கின, கூலிகள் அன்றாடம் எடுக்கப்பட்டவர்கள். 1958இல் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் அதைப் பொறுப்பெடுத்தது. இன்றைக்குத் துறைமுக வேலை கிடைத்தால் வீட்டில் பொங்கல் வைக்கிறார்கள். அதே மூட்டை, அதே தோள். மதிலுக்கு அந்தப் பக்கம் பென்சன் வயதில் நடந்து போகிறார்கள், இந்தப் பக்கம் அப்பா.

ஐந்தாங்குறுக்கு முதலாளி

துறைமுகத்தைச் சொன்னதும் யோசித்தேன். என் பெரியப்பா அங்கே இருந்தவர், எண்பத்து மூன்று வயது வரை இருந்தார்.

சரி, கணக்குப் பார்ப்போம். ஒரு லொறிக்கு 200 மூட்டை என்று வை. மூட்டைக்கு 2 ரூபாய் கூட எடுத்தால் லொறிக்கு 400. ஒரு கிலோவுக்கு 4 சதம். அது எந்த வாடிக்கையாளருக்கும் தெரியவே தெரியாது. ஒரு தெருவில் நாளுக்கு 20 லொறி என்றால் 8,000 ரூபாய். 26 நாளுக்கு 2,08,000.

கொச்சிக்கடை நிலா

சுகயீன நாளுக்கு 2,000 ரூபாய் குடுப்பதென்றால், அது மாதத்துக்கு 104 நாட்கள் ஐயா! தெருவில் 100 பேர் என்றால் ஆளுக்கு மாதம் ஒரு கிளினிக் நாள். லொறி எண்ணிக்கையும் ஆள் எண்ணிக்கையும் உண்மையில் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் இது எட்டாத தொகை இல்லை.

எண்ணும் எழுத்தும்

நிர்வாகச் செலவை விட்டுவிட்டீர்கள். பொய்யாக மெடிக்கல் சேர்ட்டிபிக்கட் எடுத்து வருகிறவர்களையும் விட்டுவிட்டீர்கள். கிளினிக் கொப்பியில் சீல் இருந்தால் மட்டும் காசு என்று வைத்தால் இரண்டாவது பிரச்சினை பெருமளவு தீரும். சீல் எடுக்கவாவது கிளினிக் போவார்கள்.

தாதி அக்கா

சேர் சொல்வது நல்ல யோசனை. அதோடு காசே தேவைப்படாத இரண்டு காரியங்களையும் எழுதிக்கொள்ளுங்கள் நிலா. சீனி கட்டுப்பாட்டில் இருக்கிற ஆளுக்கு மாதம் மாதம் வராமல் இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் குடுக்கலாம். 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினோம், முடிந்ததுதானே. மற்றது, மாநகரசபையின் இலவச மருந்தகங்கள் ஒன்றிரண்டைக் கிழமைக்கு இரண்டு நாள் மாலை ஆறு தொடக்கம் ஒன்பது வரை திறக்கலாம். 1977இலிருந்து அரச டொக்டர்மார் வேலை நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்க அனுமதி இருக்கிறது. அதனால்தான் வேலைக்குப் போகிற மனிசன் காலையில் இலவசமாகக் கிடைக்கிற டொக்டரை மாலையில் காசு குடுத்துப் பார்க்கிறான். மாலையில் அரசும் திறந்திருந்தால் அந்தக் காசு வீட்டில் நிற்கும்.

வெள்ளவத்தைவாசி

நான் முதலில் கேட்ட கேள்வியைத் திரும்பப் பார்க்கிறேன். எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. எட்டு வருடமாக ஒரு கிளினிக்கையும் தவறவிட்டதில்லை. அதை என் ஒழுக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒபிசில் ஒரு வரி மெசேஜ் போட்டுவிட்டுப் போவேன், சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள்.

ரைடர் தெமட்டகொடை

மூட்டைக்கு 2 ரூபாய் மாதிரி ஓடருக்கு 2 ரூபாயும் எடுக்கலாம்தானே? எங்களையும் சேர்த்து எழுதுங்கள் அக்கா.

கொச்சிக்கடை நிலா

கட்டாயம் சேர்க்கிறேன் தம்பி. ஓடர் எல்லாம் கம்பியூட்டரில் பதிவாகிறதால் உங்களுடையது மூட்டையைவிடச் சுலபமான கணக்கு. கையை முதலில் காட்டுங்கள், ஆறு கிழமை முடியமுதல் கட்டோடு ஓடினது நல்லதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டு இலவச வைத்தியத்தை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுக்க வேண்டாம். 2006இல் லான்செட் சஞ்சிகையில் ஆசியாவின் 11 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு வந்தது, கொழும்பின் சுகாதாரக் கொள்கை நிறுவனத்தைச் சேர்ந்த ரவி ரண்ணன் எலியவும் அதில் ஒருவர். வைத்தியச் செலவால் வறுமைக்குள் விழுந்தவர்கள் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மிக அதிகம், இங்கே மிகக் குறைவு. அப்பாவின் விரல்களை எடுத்தபோது எங்கள் வீட்டில் ஒரு நகையும் அடகுக்குப் போகவில்லை. அதற்கு முந்தைய ஆறு வருடத்தில் அந்த விரல்களைக் காப்பாற்ற ஒரு வழி இருந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஐந்தாங்குறுக்கு முதலாளி

மகளே, எங்கள் கடையில் லொறிக் கொப்பி இருக்கிறது. எந்த நாள் எத்தனை லொறி, எத்தனை மூட்டை, எந்தக் குழு இறக்கினது, எல்லாம் கையெழுத்தில். பத்து வருடத்துக் கொப்பி மேல்மாடியில் கிடக்கிறது. வருகிற போயா (பௌர்ணமி) விடுமுறைக்குக் கடை பூட்டு. வந்து பார். பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேரையும் கூப்பிட்டு வைக்கிறேன், அவர்கள் என்ன சொல்வார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

கொச்சிக்கடை நிலா

வருகிறேன் ஐயா. அப்பாவின் கிளினிக் கொப்பி மூன்றையும் கொண்டுவருகிறேன். உங்கள் லொறிக் கொப்பியின் திகதிகளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வரலாமா? அப்பாவும் வருகிறேன் என்கிறார். அவரால் மேல்மாடிக்கு ஏற முடியாது, கீழே ஒரு கதிரை போட்டால் போதும்.